படகில் ஏறும் முன்னே நாலு கேள்வி

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப் பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்றே எப்போதும் பேசுகிற நாம் இன்றைக்கு டூர் போவதைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்காதீங்க, இதுவும் குழு சம்பந்தப்பட்ட விஷயம்தான். இப்போது பல குழுக்களில் மாதச் சேமிப்போடு டூருக்கென்று தனியாக ஒரு தொகை போடுகிறார்கள். 16 பேர், ஆளுக்கு மாதம் 100 ரூபாய், 10 மாதம் என்றால் 16,000 ரூபாய் சேர்ந்துவிடும். காடு கழனி, அடுப்படி, ஆடு மாடு என்று வருஷம் முழுக்க ஓடுகிற பெண்கள் ஒரு நாள் கடலைப் பார்த்துவிட்டு வருவதில் தப்பே இல்லை. போக வேண்டும், சந்தோஷமாகப் போக வேண்டும். கேள்வியே கேட்காமல் படகில் மட்டும் ஏறிவிடக் கூடாது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

நாங்கள் கிராமங்களுக்கு வரும்போது, "பிச்சாவரம் போறோம், கன்னியாகுமரி போறோம், படகுல போகணும்"னு ஆசையாகச் சொல்கிறீர்கள். படகை யார் பேசுவது என்று கேட்டால், "வேன் டிரைவர் பார்த்துக்குவார்"னு பதில் வருகிறது. நம் குழுவில் 200 ரூபாய்க்குக் கணக்கு இடித்தால் ஒரு மணி நேரம் கேள்வி கேட்கிறோம். நம் உயிரையும் பிள்ளைகளின் உயிரையும் ஏற்றிப் போகிற படகுக்கு ஒரு கேள்வி கூடக் கேட்காமல் இருக்கலாமா?

நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 2011-ஆம் வருஷம் டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகப் படகில் போன உறவுக்காரர்கள் 22 பேர் படகு கவிழ்ந்து இறந்துபோனார்கள். 2023 மே 7, கேரளாவில் தானூர். ஆறு கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில், பொழுது சாய்ந்த பிறகு போன படகு கவிழ்ந்தது. அங்கேயும் 22 பேர் இறந்தார்கள். அதில் பலர் குழந்தைகள். அது மீன்பிடிப் படகாக இருந்ததைச் சுற்றுலாப் படகாக மாற்றியது. ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். இரண்டு இடத்திலும் போனவர்கள் நம்மைப் போல விடுமுறைக்குக் குடும்பத்தோடு போனவர்கள்தான்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. படகு கவிழ்வது விதியால் இல்லை, அதற்குக் காரணங்கள் உண்டு. அந்தக் காரணங்களை ஏறுவதற்கு முன்னே, கரையில் நின்று கொண்டே, நாலு கேள்வியில் தெரிந்துகொள்ளலாம்.

முதல் கேள்வி: இது ஆள் ஏற்றுகிற படகா?

கடற்கரைக்குப் போனால், "வாங்க அக்கா, கடல்ல ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்"னு யாராவது கூப்பிடுவார்கள். அது பெரும்பாலும் மீன்பிடிக்கிற ஃபைபர் படகாக இருக்கும். மீனவச் சகோதரர்களை நாம் குறை சொல்லவில்லை. 2015-இல் சென்னையில் வெள்ளம் வந்தபோதும், 2018-இல் கேரளாவில் வெள்ளம் வந்தபோதும் தங்கள் படகைக் கொண்டுவந்து ஜனங்களைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான். ஆனால் அந்தப் படகு வலைக்கும் மீனுக்கும் கட்டியது. அதில் வேலை செய்கிறவர்கள் கடலிலே வளர்ந்தவர்கள். வரிசையாக உட்கார அதில் பலகையும் இல்லை, பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை. மீன்பிடிப் படகுக்குக் கொடுக்கிற உரிமம் மீன் பிடிக்கத்தான், ஆள் ஏற்ற இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வருமானம் இருக்காது. நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறையும் அப்போதுதான். அந்த நேரத்தில் படகுச் சவாரிக்குக் கூப்பிடுகிறவர்கள் அதிகமாக இருக்கலாம். அவர்கள் கஷ்டம் நமக்குப் புரிகிறது. அதற்காக நாம் ஏறிவிட முடியாது.

ஆகவே டிக்கெட் கவுண்டர், இறங்குதுறை, கட்டணப் பலகை இருக்கிற இடத்துக்கே போங்கள். பிச்சாவரத்திலும் முட்டுக்காட்டிலும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை இருக்கிறது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் படகு விடுகிறது. 2024 டிசம்பர் 30 அன்று பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவில் கண்ணாடிப் பாலமும் திறந்திருக்கிறார்கள். தனியார் படகு என்றால் பதிவு எண், ஆள் ஏற்ற அனுமதி, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் அதுவே பதில்.

இரண்டாவது கேள்வி: எத்தனை பேர் ஏறலாம்?

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம், அதுவும் பணம் மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்து. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாம் 24 பேர், படகில் 8 பேர்தான் ஏறலாம். அப்படியென்றால் மூன்று நடை. படகுக்காரர், "எல்லாரும் ஒரே தடவையா ஏறிக்கோங்க, 500 ரூபாய் குறைச்சுக்கிறேன்"னு சொல்கிறார். கேட்க நல்லாத்தான் இருக்கு. 500-ஐ 24 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 21 ரூபாய் கூட வரவில்லை. அந்த 21 ரூபாய்க்காக உயிரைக் கொண்டுபோய் அடகு வைக்கலாமா?

அதிகமாக ஏறினால் என்ன ஆகும்? படகின் விளிம்பு தண்ணீருக்குக் கிட்டே வந்துவிடும். சின்ன அலை அடித்தாலே தண்ணீர் உள்ளே வரும். உள்ளே வந்த தண்ணீர் ஒரே இடத்தில் நிற்காது. அரைக்குடம் தண்ணீரை இடுப்பில் வைத்து நடந்தால் எப்படித் தளும்பி நம்மை ஒரு பக்கமாக இழுக்கிறதோ, அதே மாதிரி படகுக்குள் இருக்கிற தண்ணீரும் சாய்ந்த பக்கமே ஓடும், படகை இன்னும் சாய்க்கும். ஆட்களும் அப்படித்தான். ஒருத்தர் "அங்க பாரு"ன்னு சொன்னதும் எல்லாரும் எழுந்து ஒரு பக்கம் போகக் கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தபோது, மிருகங்களைப் பார்க்க ஆட்கள் ஒரு பக்கமாகப் போனதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. படகில் ஏறினால் உட்கார வேண்டும், இறங்கும் வரை உட்கார்ந்தே இருக்க வேண்டும். போட்டோ எடுப்பதைக் கரையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தையையும் ஓர் ஆளாகவே எண்ணுங்கள். "மடியிலதானே இருக்கு"ன்னு சொல்லாதீங்க.

மூன்றாவது கேள்வி: எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா?

இருக்கிறது என்று சொல்வது போதாது. படகின் மூலையில் குவித்து வைத்திருந்தால் அது யாரையும் காப்பாற்றாது. கவிழ்கிற நேரத்தில் எடுத்துப் போட முடியாது. கரையிலேயே போட்டு, வார்களை இழுத்துக் கட்டி, தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். முகத்துக்கு மேலே ஏறினால் சரியாகக் கட்டவில்லை என்று அர்த்தம். பிள்ளைகளுக்குச் சின்ன அளவு தனியாகக் கேளுங்கள். பெரியவர்களுடையதைப் போட்டால் பிள்ளை அதிலிருந்து நழுவிவிடும். பொருந்துகிற அளவு இல்லையென்றால் அந்தப் பிள்ளை கரையில் இருக்கட்டும், கூட ஒருவர் இருங்கள்.

சேலை விஷயத்தையும் வெட்கப்படாமல் பேசிவிடுவோம். நனைந்த சேலை கனக்கும், காலைச் சுற்றிக்கொள்ளும். சுடிதார் போடுகிறவர்கள் அதைப் போட்டு வாருங்கள். சேலைதான் என்றால் கொசுவத்தைத் தூக்கிச் செருகி, முந்தானையை இழுத்துச் செருகி, அதற்கு மேலே ஜாக்கெட்டைப் போடுங்கள். ஜாக்கெட்டுக்கு மேலே முந்தானையைப் போட்டு மறைக்காதீர்கள். "பார்க்க அசிங்கமா இருக்கு"ன்னு சில பேர் கழற்றி விடுகிறார்கள். நம் அழகைப் பார்க்கக் கடலுக்கு நேரம் கிடையாது.

நான்காவது கேள்வி: எங்கே போகிறோம், எப்போது திரும்புகிறோம்?

கடற்கரையில் காலையில் காற்று பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மதியத்துக்கு மேல் கடல் காற்று வலுக்கும், அலையும் கூடும். ஆகவே காலையிலேயே போய்வந்து விடுங்கள். பொழுது சாய்ந்த பிறகு எந்தக் காரணத்துக்காகவும் ஏற வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழைக் காலம், கடல் கொந்தளிக்கும். ரேடியோவிலோ டிவியிலோ "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்"னு அறிவிப்பு வந்தால் அது நமக்கும் சேர்த்துத்தான்.

முகத்துவாரத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆற்றுத் தண்ணீரும் கடல் அலையும் மோதுகிற இடம் அது. மணல் திட்டு இன்றைக்கு ஓரிடம், நாளைக்கு ஓரிடம். பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டுக்குள் கால்வாய்களில் போகும்போது தண்ணீர் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், பார்க்கவும் கண்ணுக்குக் குளிர்ச்சி. 2004 சுனாமியின்போது பின்னால் இருந்த ஊர்களுக்கு அந்தக் காடு அரணாக இருந்தது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் காட்டுங்கள். அங்கேயும் ஜாக்கெட் போட்டுத்தான் போக வேண்டும்.

இந்த நாலு கேள்விக்கும் மேலே ஒன்று இருக்கிறது. அதுதான் முக்கியம். பதில் சரியில்லை என்றால் என்ன செய்வது? நம்மால் "வேண்டாம்" என்று சொல்ல முடியுமா? அங்கே நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டு பயந்தா எப்படி"ன்னு நம் கூட வந்தவர்களே சொல்வார்கள். "அட்வான்ஸ் கொடுத்தாச்சே, வீணாப் போகுமே"ன்னு மனசு அடித்துக்கொள்ளும். கரையில் போய் நின்று கொண்டு முடிவெடுத்தால் இந்த மூன்றும் சேர்ந்து நம்மைப் படகில் தள்ளிவிடும். அதனால் ஊரிலேயே, குழுக் கூட்டத்திலேயே முடிவெடுத்துவிட வேண்டும்.

எனவே டூர் போகிற ஒவ்வொரு குழுவும் போவதற்கு முன் நடக்கிற கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் இவற்றை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்:

1. குழுவில் ஒருவர் "எனக்குச் சரியாகப் படவில்லை" என்று சொன்னாலும் போதும், அந்தப் படகில் யாரும் ஏற மாட்டோம். சொன்னவரை யாரும் கேலி செய்ய மாட்டோம்.

2. படகுக்கு முழுப் பணமும் முன்னாலே கொடுக்க மாட்டோம். எத்தனை பேர், எவ்வளவு நேரம், எந்த இடம், எவ்வளவு ரூபாய் என்று எழுதி ரசீது வாங்குவோம். கடல் சரியில்லாமல் போக முடியாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்போம். கிடைக்காவிட்டால் அந்தப் பணத்தை டூர் செலவில் எழுதுவோம், யார் தலையிலும் கட்ட மாட்டோம்.

3. ஒருவர் கரையில் இருப்பார். அவர் கையில் வருகைப் பதிவேடு போலப் பெயர்ப் பட்டியல், படகின் எண், திரும்பும் நேரம் மூன்றும் இருக்கும். நேரம் தாண்டினால் அவர் துறையில் இருக்கிறவர்களிடம் சொல்லி, போனும் செய்வார். கடலோரப் பாதுகாப்புப் போலீசுக்கு 1093, கடலோரக் காவல் படைக்கு 1554, பொதுவான அவசரத்துக்கு 112.

கடைசியாக ஒரு வார்த்தை. அப்படியும் படகு கவிழ்ந்துவிட்டால் கரைக்கு நீந்தப் பார்க்காதீர்கள், கவிழ்ந்த படகையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவரை ஒருவர் கட்டிப் பிடிக்க வேண்டாம், இரண்டு பேரும் முழுகிவிடுவோம். கரையில் இருக்கிறவர்கள் நீச்சல் தெரியாமல் குதிக்க வேண்டாம். கயிறு, சேலை, மூடிய காலி கேன், காலி பிளாஸ்டிக் குடம், எது கையில் இருக்கிறதோ அதைத் தூக்கிப் போடுங்கள். இது நம்மூர் ஏரி, குளம், கிணற்றுக்கும் பொருந்தும்.

சகோதரிகளே, 15 வருஷத்துக்கு முன்னால் வங்கி மேனேஜர் முன்னே நின்று பேசத் தயங்கிய பெண்கள் நம்மில் எத்தனை பேர்! இன்றைக்கு வட்டி என்ன, தவணை என்ன என்று நிமிர்ந்து கேட்கிறோம். அந்தத் தைரியத்தை ஊரிலேயே வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போக வேண்டாம். இந்த மாதக் குழுக் கூட்டத்தில் ஊக்குநரும் பிரதிநிதியும் இந்தத் தீர்மானங்களை எல்லோருக்கும் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். எத்தனை பேர் போகிறீர்களோ அத்தனை பேரும் சிரித்த முகத்தோடு திரும்பி வந்து, அடுத்த கூட்டத்தில் கடல் கதையை எங்களுக்குச் சொல்லுங்கள்.