போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலக்கூடம்



ஏலம் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. நறுமணக் காயைக் குறிப்பது தொன்மையானது. கூவி விற்றலைக் குறிப்பதோ போர்த்துக்கீசியர் வழி வந்தது. அவ்விரண்டும் ஓரிடத்தில் கூடுவது போடிநாயக்கனூர் ஏலக்கூடத்தில்.

தேவாரத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலையில் ஜீப்பில் மலையேறும் தொழிலாளர் பறித்த காய், ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்கூடத்தில் பதமாகி இறங்கிவந்து இங்கே விலை பெறுகிறது. முன்னாளில் இங்கே குரலே ஆட்சி செய்தது. ஏலம் கூறுவோர் உரக்கக் கூற, வணிகர் மேற்கேட்பர். எவர் முந்தினார், எவர் பின்வாங்கினார் என்பதை அவை முழுதும் அறியும். 2007-இல் நறுமணப் பொருட்கள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொணர்ந்தது. கூச்சல் அடங்கிற்று, விலை கணினித் திரையில் ஏறலாயிற்று. 2020-இல் பெருந்தொற்றால் ஏலம் சில காலம் நின்றது. 2021 சனவரியில் போடிக் கூடமும் கேரளத்துப் புற்றடிக் கூடமும் இணைக்கப்பட்டன. ஓரிடத்தில் அமர்ந்தவாறே மற்றோரிடத்து ஏலத்திலும் விலை கேட்க வழி பிறந்தது.

அங்ஙனமாயின் கூடம் எதற்கு என்று வினவுவோர் உளர். நல்ல வினாதான். ஆயினும் காயின் பசுமையையும் பருமனையும், விதையின் கருமையையும், எல்லாவற்றினும் மேலாக மணத்தையும் திரை காட்டாது. வணிகர் முன் வைக்கப்படும் மாதிரிக் காயை நகத்தால் பிளந்து முகர்ந்த பின்னரே அவர் விரல் பொத்தானுக்குச் செல்கிறது. சிறு தோட்டக்காரர் ஒருவரின் பல மாத உழைப்பு அச்சில நொடிகளில் விலையாகிறது.