அயலறிய வளர்ப்போம்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், குறைபாட்டுடன் பிறந்த பிள்ளையை வளர்க்கும் பொறுப்பாகும். அத்தகைய பிள்ளையைப் பெற்றோரின் நெஞ்சில் ஓயாது எழும் கேள்வி ஒன்றுண்டு. "எங்கள் காலத்துக்குப் பின் இந்தப் பிள்ளைக்கு யார் துணை?" என்பதே அது. பாண்டிருப்பில் அம்மா கேட்டாலென்ன, மருதமுனையில் உம்மா கேட்டாலென்ன, கேள்வி ஒன்றுதான்.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி, இந்நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் நூற்றுக்கு 8.7 பேர் பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றில் இடர்ப்பாடு உடையவர்கள். இவர்களுட் பலர் முதியோர், சிறுவரும் உளர். ஆயினும் கோயில் வீதியிலும் விளையாட்டுத் திடலிலும் அச்சிறுவரைக் காண்பது அரிது. "முற்பிறப்பின் வினை" என்று தாயைச் சுட்டும் நாவுகளுக்கு அஞ்சியே பல வீடுகள் கதவைச் சாத்திக்கொள்கின்றன. பெற்ற வயிற்றை எரிக்கும் அச்சொல்லுக்குச் சமயத்தின் பெயரைச் சூட்டுதல் தகாது.

மறைத்து வளர்ப்பதால் முதலில் இழப்பது காலத்தை. ஆறு மாதமாகியும் ஓசை வந்த பக்கம் திரும்பாத குழந்தையையும், ஒன்றரை வயதாகியும் நடவாத குழந்தையையும் தாமதியாது வைத்தியரிடம் காட்டவேண்டும். வீடு தேடிவரும் குடும்பநல மாதிடம் மனந்திறந்து சொல்லுதல் நன்று. இளமையிற் கொடுக்கும் பயிற்சியே எளிதிற் பலிக்கும்.

அடுத்து இழப்பது கல்வியை. செவிப்புலனும் கட்புலனும் அற்ற பிள்ளைகளுக்காக மேரி சாப்மன் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1912இல் தொடங்கிய பாடசாலை பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென 1956இல் கைதடியில் நவீல்ட் பாடசாலை எழுந்தது. இரண்டும் நம் கரைக்கு வெகு தூரம். ஆனால், குறைபாட்டைக் காரணங்காட்டி எப்பிள்ளையையும் பாடசாலையிற் சேர்க்க மறுத்தல் ஆகாதென்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. ஆகவே ஊர்ப் பாடசாலையின் கதவைத் துணிந்து தட்டுங்கள்.

மூன்றாவது, உயிருக்கே வரும் ஆபத்து. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கிக் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு முதலிய நம் ஊர்களை வாரிச் சென்றதை நாம் அறிவோம். அத்தகைய வேளையிற் கூச்சல் கேளாத பிள்ளையும், எழுந்து ஓடமாட்டாத பிள்ளையும் என்செய்யும்? அந்த வீட்டில் அப்படியொரு பிள்ளை உண்டென்று அயலவன் அறிந்திருந்தால் அல்லவோ தூக்கிக்கொண்டு ஓடுவான்!

பெற்றோரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கின்றது. காணியும் பணமும் தேடிவைப்பது நல்லதே. அதனிலும் பெரிய முதுசம் அறிந்த மனிதர். தானே குளிக்கவும், உடுக்கவும், உண்ணவும் இயன்றமட்டும் பிள்ளையைப் பழக்குங்கள். கடைக்கும் கோயிலுக்கும் கூட்டிச் செல்லுங்கள். கடைக்காரர் அறிவார், ஓட்டோக்காரர் அறிவார், அடுத்த வீட்டு மாமியும் அவள் பிள்ளைகளும் அறிவர். உடன்பிறந்தார் தலையில் மட்டும் விழும் சுமையைப் பத்துத் தோள்கள் பகிரும்.

இளைஞர்களே! உங்கள் தெருவில் அத்தகைய பிள்ளை இருப்பின், வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை அப்பிள்ளைக்கு ஒதுக்குங்கள். பிள்ளைக்குத் தோழமை கிடைக்கும். தாய்க்குச் சற்று ஓய்வு கிடைக்கும். கடல் மீண்டும் பொங்கினால் அப்பிள்ளையைத் தூக்குபவர் யாரென்று இன்றே பேசி முடிவு செய்யுங்கள்.