யாருடைய பயம்?



நினைவுப் பொழிவில் பேய்க்கதை விமர்சனத்துக்கு என்ன வேலை என்று சிலர் யோசிக்கலாம். மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விதான் காரணம். நம்மை இழிவாக நினைத்தவன் எழுதியதை நாம் ஏன் படிக்க வேண்டும்? அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்கள் இதே கேள்வியைத் திகில் இலக்கியத்தில் சந்தித்தார்கள். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

எச்.பி. லவ்கிராஃப்ட் 1890இல் பிராவிடன்ஸ் நகரில் பிறந்து 1937இல் இறந்தவர். வாழ்ந்த காலத்தில் மலிவுவிலைப் பத்திரிகைகளில் எழுதினார். இறந்த பிறகு திகில் இலக்கியத்தின் ஆசான் ஆக்கப்பட்டார். 1927இல் வெளியான நீண்ட கட்டுரையில், பயமே மனிதகுலத்தின் ஆதி உணர்ச்சி, தெரியாததில்தான் அதன் வேர் இருக்கிறது என்று வாதிட்டார். இத்துறை விமர்சகர்கள் இன்றும் அந்தக் கட்டுரைக்குத் திரும்பி வருகிறார்கள்.

தெரியாதது என்றால், யாருக்குத் தெரியாதது? 1924 முதல் 1926 வரை அவர் நியூயார்க்கின் புரூக்ளினில் வசித்தார். அங்கே ரெட் ஹூக் துறைமுகப் பகுதியில் பல நாட்டு ஏழைகள் குடியேறியிருந்தார்கள். அவர்கள் மீதிருந்த வெறுப்பில் எழுதியதுதான் ‘ரெட் ஹூக்கின் பயங்கரம்’. அந்தக் கதையில் ஏழைகளின் தெருவே பிசாசின் குடியிருப்பு. அவருடைய இன்ஸ்மத் கதையில் ஓர் ஊர் கடல்வாழ் உயிர்களோடு ரத்தம் கலக்கிறது. தன் உடம்பிலும் அந்த ரத்தம் ஓடுவதைக் கதைசொல்லி அறிவதுதான் உச்சம். அரசு அந்த ஊரை வளைத்து, வீடுகளைக் கொளுத்தி, ஆட்களை விசாரணையின்றிக் கொண்டுபோகிறது. கதையில் அது பரிகாரம். எரிந்த சேரிகளைப் பார்த்த நமக்கோ அதுதான் திகில்.

ரத்தம் கலக்கும், தொட்டால் கெடும் என்ற பயத்துக்கு நம் ஊரில் பெயர் உண்டு: தீட்டு. லவ்கிராஃப்டின் கட்டுரை வந்த அதே 1927 மார்ச்சில் மகாடு குளத்தில் அண்ணலும் நம் மக்களும் தண்ணீர் குடித்தார்கள். கோயிலுக்குள்ளும் நுழையப்போகிறார்கள் என்று வதந்தி பரவியது, அடி விழுந்தது. பிறகு சாணமும் கோமியமும் ஊற்றிக் குளத்தைச் சுத்தம் செய்தார்கள். அங்கே பயந்தவர் யார், அடிபட்டவர் யார்? ஆதிக்கத்தில் இருப்பவன் தன் பயத்தை மனித இயல்பு என்பான். விமர்சனத்தின் முதல் வேலை, அந்தப் பயத்துக்கு உரியவன் யார் என்று கேட்பது.

1975 முதல் வேர்ல்டு ஃபேண்டஸி விருதாக லவ்கிராஃப்டின் தலையுருவம் வழங்கப்பட்டது. 2011இல் சிறந்த நாவலுக்காக அதைப் பெற்றவர் நைஜீரிய வம்சாவளி எழுத்தாளர் நெடி ஒகோராஃபோர். கறுப்பினத்தாரை இழிவுபடுத்தி லவ்கிராஃப்ட் 1912இல் எழுதிய கவிதையைப் பற்றி அதன் பிறகு அறிந்தார். தாம் மதிக்கும் முன்னோர் பலர் தம்மை வெறுத்தவர்கள், அந்த உண்மையை நேராகப் பார்க்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார். 2014இல் உருவத்தை மாற்றக் கோரி எழுத்தாளர்கள் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். 2015இல் அது கைவிடப்பட்டது.

அதை எதிர்த்துத் தம் விருதுகளைத் திருப்பிக் கொடுத்தவர் எஸ்.டி. ஜோஷி. புனேயில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா சென்ற அறிஞர். லவ்கிராஃப்டின் நூல்களுக்குத் திருத்தமான பதிப்புகள் கிடைத்ததில் அவர் உழைப்பு பெரிது. இனவெறியை அவர் மறைக்கவில்லை. அதை வைத்து இலக்கியத்தை அளக்கக் கூடாது என்றார். அவர் உழைப்பை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. அந்தக் கதைகளில் வெறுப்பு ஓரத்தில் ஒட்டிய அழுக்கல்ல. திகிலை ஓட்டும் எந்திரமே அதுதான்.

2016இல் விக்டர் லாவால் வேறொரு பதில் தந்தார். ரெட் ஹூக் கதையை ‘கறுப்பு டாமின் பாடல்’ என்று திருப்பி எழுதினார். அதன் நாயகன் டாமி டெஸ்டர், ஹார்லெமில் வாழும் கறுப்பு இளைஞன். அவன் தந்தையின் கையிலிருந்த கிட்டாரைத் துப்பாக்கி என்று நினைத்துத் துப்பறிவாளன் சுட்டுக் கொல்கிறான். தன்னைத் தற்காத்துக்கொண்டதாகச் சொல்கிறான். அதன் பிறகு, மனிதரைச் சட்டை செய்யாத ஆழ்கடல் தெய்வம் டாமிக்குப் பயங்கரமாகத் தெரிவதில்லை. வெறுக்கிற மனிதனைவிட அலட்சியமான தெய்வம் மேல். மூலக்கதையைப் படிக்காமல் லாவால் இதை எழுதியிருக்க முடியாது.

ஆகவே மாணவர்களுக்கு என் பதில்: பீடம் வேறு, படிப்பு மேசை வேறு. பீடத்திலிருந்து இறக்குவோம்; மேசையில் வைத்துப் படிப்போம். அண்ணல் 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் மனுஸ்மிருதியை எரிக்கும் போராட்டத்தை நடத்தினார். பின்னாளில் தம் நூல்களில் அதையே பக்கம் பக்கமாக எடுத்துவைத்து ஆராய்ந்தார். இரண்டும் முரணல்ல. எரித்தது அதன் அதிகாரத்தை. படித்தது அதன் எந்திரத்தை.

நம்மைப் பேயாக்கிய கதைகளைப் படியுங்கள். படித்துவிட்டு, அந்தப் பேயின் வாயால் பேசத் தொடங்குங்கள்.

ஜெய் பீம்.