எடுத்த வினை முடித்தல்

கல்கிசையிலிருந்து காலைப் புகையிரதத்தில் கோட்டைக்குத் தொழிலின் பொருட்டுச் செல்வோர், வழிநெடுக இடப்புறத்தே கடல் கற்களில் மோதிச் சிதறுவதைக் காண்பர். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் அதன் சீற்றம் பெரிது. ஆனால், கோட்டைக்கு அப்பால், கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்தினுள்ளே அதே கடல் குளம்போல் அடங்கிக் கிடக்கின்றது. இவ்வமைதி இயற்கை தந்ததன்று. மனிதர் திட்டமிட்டுத் தேடிக்கொண்டது. ஒரு செயற்றிட்டத்தை எடுத்து முடிப்பது எங்ஙனம் என்பதற்கு இத்துறைமுகத்தின் வரலாறே தக்க சான்றாகும்.

முதலாவதாக, வினையின் நோக்கமும் எல்லையும் தெளிவாதல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கொழும்பு காவலற்ற கரையாகவே இருந்தது. பெரிய நீராவிக் கப்பல்கள் காலித் துறையையே நாடின. சேர் ஜோன் கூட் என்னும் பொறியியலாளர் வகுத்த திட்டத்தின்படி, 1875 டிசெம்பரில் வேல்ஸ் இளவரசர் தென்மேற்கு அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டினார். துறைமுகத்துக்கு வேண்டுவன பலவாயினும், முதலில் எடுத்த வினை தென்மேற்கு அலையைத் தடுப்பது ஒன்றே. அது 1885இல் நிறைவெய்தியது. வடபுறத்து அணைகள் அதன் பின்னரே எழுந்தன.

இரண்டாவது, காலமறிதல். கொந்தளிக்கும் கடலிற் கொங்கிறீற்றுக் கட்டிகளை இறக்குதல் இயலாது. கரையிற் செய்யத்தக்கதைக் காற்றுக் காலத்திற் செய்துவைத்து, கடல் அடங்கியதும் கடல்வேலையைத் தொடங்குவதே அறிவுடைமை. திருக்குறளிலே தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்பது கருதத்தக்கது. அவற்றைத் தொடர்ந்து, ஆளைத் தேர்ந்து தெளிதலும், தெளிந்தவரிடம் வினையை ஒப்படைத்தலும் கூறப்படுகின்றன.

மூன்றாவது, பொறுப்பு ஓரிடத்திலிருத்தல். ஆணையிடுவோர் பலராயின், தவறு நேர்ந்தபோது பொறுப்பேற்பார் இலராவர். கொழும்புத் துறைமுகப் பணிகளை மூன்று நிறுவனங்கள் பகிர்ந்து நடத்திய நிலை மாறி, 1979இல் அவை துறைமுக அதிகாரசபை என ஒன்றாயின.

இவை மூன்றும் அமைந்தாலும் போதுமா? அணை கட்டியோர்க்கு எதிர்நின்றது கடல். பின்வந்தோர்க்கோ, தொழிலின் தன்மையே மாறலாயிற்று. 1956இல் அமெரிக்காவில் ஐடியல் எக்ஸ் என்னுங் கப்பல் 58 கொள்கலன்களை ஏற்றிச் சென்றது. அம்மாற்றம் 1980களிற் கொழும்பிலே ஜயா கொள்கலன் முனையமாக உருப்பெற்றது. 2018இல் இத்துறைமுகம் கையாண்ட கொள்கலன்கள், இருபது அடி அளவிற் கணக்கிட, 70 இலட்சத்தைத் தாண்டின. ஆனால், மூடை சுமந்த நாட்டாமையின் தோள்வலியும், சரக்கை எண்ணிய எழுதுவினைஞரின் கைப்பழக்கமும் பயனற்றுப்போகும் காலமும் அதுவேயாயிற்று. பாரந்தூக்கியை வாங்குதல் எளிது. அதனை இயக்கும் கையைப் பழக்குதல் அரிது. அக்கை நேற்று மூடை சுமந்த கையாகவே இருக்குமாயின், மாற்றம் அவனுக்கும் வாழ்வளிக்கும்.

நான்காவது அடிப்படை இதுவே: வினையாற் பாதிக்கப்படுவோரை முன்னரே கலந்துகொள்ளுதல். கிழக்கு முனையத்தை இந்தியாவுடனும் ஜப்பானுடனும் கூட்டாக விருத்தி செய்ய 2019இல் உடன்பாடு எழுதப்பட்டது. துறைமுகத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தெழுந்தன. 2021இல் அரசாங்கம் அதனைக் கைவிட்டது. எவர் பக்கம் நியாயம் என்பது வேறு வழக்கு. நாடுகள் மூன்று ஒப்பமிட்டாலும், வேலைத்தலத்தில் நிற்போரின் இசைவின்றி வினை நகராது என்பது மட்டும் அதனாற் புலனாகும்.

வெள்ளவத்தையில் நாலு பேர் வேலைசெய்யுஞ் சிறு கந்தோருக்கும் இதுவே விதி. பேரேட்டை நீக்கிக் கணினியை வைக்க விரும்பும் முதலாளி, முதலில் அப்பேரேட்டை இருபது ஆண்டு எழுதிய கணக்கப்பிள்ளையை அழைத்து அமரச்செய்து பேசுவாராக. வேலையின் நுட்பங்களை அறிந்தவர் அவரே. அவரை விலக்கித் தொடங்கிய திட்டம் அந்நுட்பங்களையும் இழந்தே தொடங்குகின்றது. வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பர். அணை கோலும்போது, அதன் உட்புறத்தே நிற்கவேண்டியவர் எவர் என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.