ஆறு இலக்கமும் நாற்பது குழந்தைகளும்

(கண்ணமங்கலத்தில் குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கண்ணமங்கலத்தின் அஞ்சல் எண் 632311. நாம் இருப்பது திருவண்ணாமலை மாவட்டம்; எண்ணோ வேலூரைப் போல 632 என்று தொடங்குகிறது. ஏன் என்று ஒரு மாணவி கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்த எண் தபால் வரும் வழியைச் சொல்கிறது. ஆட்சியர் அலுவலகம் இருக்கும் ஊரை அல்ல.

ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த இந்த முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. நாட்டில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் உள்ளன. டில்லியில் கடிதம் பிரிப்பவர் நம் ஊர்ப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவே வேண்டாம். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம். முதல் மூன்றும் சேர்ந்தால் வேலூர்ப் பகுதி. கடைசி மூன்றை இங்கே வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

இணையமும் இதே சிக்கலில் மாட்டியது. வலையமைப்புகள் பெருகப் பெருக, ரூட்டர்களின் வழிப்பட்டியல் நீண்டுகொண்டே போனது. 1993-இல் முகவரிகளை முன்பகுதி வைத்துத் தொகுக்கும் முறை வந்து, பல வரிகளை ஒன்றாக்கியது. அப்படியும் 32 பிட் முகவரிகள் மொத்தம் சுமார் 429 கோடிதான். அதனால்தான் ஒரு பள்ளியின் கணினிகள் எல்லாம் பொதுவாக வெளியே ஒரே முகவரியில் தெரிகின்றன, உள்ளே 192.168 என்று தொடங்கும் எண்கள். யாருக்கு எந்தப் பதில் என்பதை ரூட்டர் குறித்து வைத்துக்கொள்ளும். தெருவாசலில் தபாலை வாங்கி உள்ளே ஆளுக்காள் பிரித்துக் கொடுக்கும் பாட்டி என்று வகுப்பில் சொல்வேன்.

முன்பு நான் பணியாற்றிய பள்ளியில் ஓர் இணையவழித் தேர்வு. நாற்பது பிள்ளைகள். பாதிப் பேருக்கு இணைப்பு கிடைக்கவில்லை. 'நெட் ஸ்லோ' என்று இணைப்பு தருபவர்களைத் திட்டிக்கொண்டிருந்தோம். கடைசி வரிசைப் பிள்ளைகள் திரையைப் பார்த்தபடியே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அன்று அவர்கள் தேர்வு எழுதவே இல்லை.

பிறகுதான் காரணம் தெரிந்தது. ரூட்டர் தரக்கூடிய முகவரிகள் ஐம்பதுதான். முந்தின நாள் அதே அறையில் ஆசிரியர் பயிற்சி நடந்திருந்தது. எங்கள் கைபேசிகள் வாங்கிய முகவரிகள் 24 மணி நேரம் எங்கள் பெயரிலேயே கிடந்தன. நாங்கள் வீட்டுக்குப் போயும் இடம் காலியாகவில்லை. முகவரிக் காலத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்தோம், எண்ணிக்கையை இருநூறுக்கு மேல் உயர்த்தினோம், கைபேசிகளுக்குத் தனி வைஃபை வைத்தோம். பத்து நிமிட வேலை.

இதை வகுப்பில் விளையாட்டாகவே காட்டலாம். ஒரு பிள்ளையிடம் நாற்பது பெயர்ச்சீட்டுகளைக் கொடுத்துத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்து சீட்டில் வரிசை எண்ணும் இருக்கை எண்ணும் மட்டும் எழுதி, வரிசைக்கொரு தலைவரை நிறுத்துங்கள். இரண்டுக்கும் ஆன நேரத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அவரவர் வீட்டு அஞ்சல் எண்ணைக் கேளுங்கள்.