நித்திரையிழந்த நோயாளிக்குத் துணை நிற்போம்



அன்பார்ந்த பெற்றோர்களே, இளைஞர்களே!

நித்திரை அல்லாஹ் மனிதனுக்கு அளித்த அருட்கொடைகளுள் ஒன்றாகும். அதன் பெறுமதியை நன்கறிந்தவர் அதனை இழந்தவரே. தீராத நோயின் வேதனையால் வருந்துபவரும், ஹெரோயின் போன்ற அபின் வகைப் போதைப்பொருளிலிருந்து மீள முயல்பவரும் இரவெல்லாம் விழித்திருக்கின்றனர். அவர்களைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

அபின் வகைப் பொருட்கள் நித்திரையைத் தருவன போலத் தோன்றும். உண்மையில் அவை ஆழ்ந்த நித்திரையைக் குறைக்கின்றன. உறங்கும்போது சுவாசத்தையும் தடைப்படுத்தக்கூடும். வேதனைக்காக வைத்தியர் தரும் மோர்பின், ட்ரமடோல் என்பனவும் இவ்வகையைச் சேர்ந்தவையே. அவற்றை நீண்ட காலம் பாவித்தவர் திடீரென நிறுத்துதல் கூடாது. வைத்தியரே அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஹெரோயினை விட்டவருக்கு உடல்வலி, வியர்வை, வயிற்றோட்டம் என்பன பெரும்பாலும் ஓரிரு வாரங்களுள் தணிந்துவிடும். நித்திரையின்மையோ பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள் வரை நீடிக்கும். இதனை அறியாத குடும்பத்தார், "மறுபடியும் தொடங்கிவிட்டான்" எனச் சந்தேகிக்கின்றனர். உறங்காத உடலும் புண்பட்ட உள்ளமும் ஒன்றுசேரும் அந்த நள்ளிரவிலேதான் அவன் வழுக்கி விழக்கூடும். விட்டிருந்த காலத்தில் உடலின் தாங்குசக்தி குறைந்திருக்கும். எனவே, முன்பு பாவித்த அதே அளவே உயிரைப் பறித்துவிடலாம்.

பெற்றோர்களே! உம்மம்மாவுக்கு எழுதிக் கொடுத்த நித்திரைக் குளிசையை இரக்கத்தினால் மகனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். டயஸிபாம் போன்றவை அபின் வகையுடன் சேர்ந்தால் சுவாசம் நின்றுபோகும் ஆபத்து உண்டு. 2016 ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதுபற்றி மிகக் கடுமையான எச்சரிக்கையை விடுத்தது.

அவ்வாறாயின் செய்யவேண்டியது என்ன? முதலில் வேதனை, மூச்சுத்திணறல், மனச்சோர்வு என்பவற்றுக்குச் சிகிச்சை பெறச் செய்யுங்கள். இரவு எப்படிக் கழிந்தாலும் தினமும் ஒரே நேரத்தில் எழுவது நன்று. ஸுபஹ் தொழுகை அதற்கு நல்லதோர் ஒழுங்கு. பிற்பகலின் பின்னர் தேநீரும் கோப்பியும் வேண்டாம். உறக்கம் வராவிடில் படுக்கையில் புரளாமல் எழுந்து அமர்ந்து, கண் அயரும்போது மீண்டும் படுக்கட்டும். இவற்றை முறையாகப் பயிற்றுவிக்கும் உளவியல் சிகிச்சையையே நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதற் சிகிச்சையாக வைத்தியர்கள் பரிந்துரைக்கின்றனர்.

இளைஞர்களே! போதையை விட்ட நண்பன் நள்ளிரவில் உங்களை அழைத்தால் பதிலளியுங்கள். தட்டி எழுப்பியும் விழிக்காமல், உதடு நீலமாகி, மூச்சு மந்தமானால் அதனை நித்திரையெனக் கருதிவிடாதீர்கள். உடனே 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனையை 1927 என்ற இலக்கத்திலும், மனநல ஆலோசனையை 1926 என்ற இலக்கத்திலும் பெறலாம்.

மீண்டு வரும் ஒருவனுக்கு இரவில் துணையிருப்பதும் ஒரு நோயாளியைப் பராமரிப்பதே. உறக்கமின்றித் தவிப்போர் அனைவருக்கும் அல்லாஹ் நிம்மதியை அருள்வானாக!