பங்களாவில் கணப்பு மூட்டும்போது



நுவரெலியாவில் தை, மாசி இரவுகளில் புல்லிலே பனி உறையும். பங்களாவுக்கும் விடுதிக்கும் வரும் விருந்தாளிகளுக்குக் கணப்பு மூட்டுவது நம்ம பிள்ளைகள்தான். பச்சை விறகு வேண்டாம். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீர். சூட்டைவிடப் புகைதான் அதிகம். புகைபோக்கியில் தார் படிந்து, அதுவே ஒருநாள் தீப்பிடிக்கும். தொழிற்சாலை விறகுக் கொட்டிலில் வேலை செய்தவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் தணல் சட்டி? துரை கேட்டாலும் சரி, விருந்தாளி கேட்டாலும் சரி, படுக்கையறையில் வைக்காதீங்க. அதில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். மிச்சத் தணலை லயத்துக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்தாலும் அதே கதைதான். தலைவலி, வாந்தி, மயக்கம் வந்தால் உடனே ஆளை வெளியே தூக்கிவந்து, 1990க்கு அழையுங்கள்.